ஒரு மணி நேர விடுதலை: கேள்வி பதில்

அமெரிக்க எழுத்தாளர் கேட் சோப்பின் 1894இல் எழுதிய ‘ஒரு மணி நேரத்தின் கதை’யைத்தான் எங்கள் திருகோணமலை வாசிப்பு வட்டம் இம்முறை எடுத்தது. ரயில் விபத்தில் கணவன் இறந்துவிட்டான் என்று லூயிஸுக்குச் செய்தி வருகிறது. அழுகிறாள். பிறகு அறையில் தனியே இருக்கும்போது, தனக்கு விடுதலை கிடைத்துவிட்டதை உணர்கிறாள். கணவன் உயிரோடு வாசலில் வந்து நிற்கிறான். அவள் விழுந்து இறந்துபோகிறாள். வந்த கேள்விகளும், கேட்டவரின் ஊர்ப் பெயரோடு, என் பதில்களும் இவை.

உவர்மலை: டீச்சர், கணவன் அவளை அடித்தானா?

இல்லை. கதையை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், கதைச்சுருக்கத்தை நம்பாதீர்கள்.

நிலாவெளி: இது எழுதியவரின் சொந்தக் கதையா?

அப்படியே இல்லை. ஆனால் சோப்பினுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, 1855இல், பாலம் இடிந்து விழுந்த ரயில் விபத்தில் அவருடைய தந்தை இறந்தார். 1882இல் கணவரும் இறந்தார்; கடனும் பிள்ளைகளும் அவர் தலையில் விழுந்தன. கணவரின் வியாபாரத்தைக் கொஞ்ச காலம் தானே நடத்தினார். எழுத வந்தது அதற்கப்புறம்தான்.

கிண்ணியா: கணவன் கொடுமைக்காரன்தானே?

மேலே சொல்லிவிட்டேன்.

மூதூர்: நல்ல கணவன் என்றால், அவன் சாவில் சந்தோஷப்படுவது துரோகம் இல்லையா? சாம்பல்தீவுத் தங்கச்சி இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறா.

நான் தங்கச்சி பக்கம். தம்பி, அவள் சந்தோஷப்படுவது அவன் சாவுக்காக இல்லை. அக்காவின் கைகளில் விழுந்து முதலில் அழுதவளும் அவள்தான். அவன் உடலைப் பார்க்கும்போது திரும்பவும் அழுவேன் என்று அவளுக்கே தெரியும். அவன் அன்போடு மட்டுமே தன்னைப் பார்த்தவன் என்பதையும் நினைக்கிறாள். அப்புறம் எதிலிருந்து விடுதலை? ஒருவரின் விருப்பத்தை இன்னொருவர் வளைப்பதிலிருந்து. அன்பாக வளைத்தாலும் அது குற்றம்தான் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றுகிறது. கணவனை வில்லனாக்கினால் இந்த இடம் செத்துப்போகும். ‘அவன் கெட்டவன், அதனால் அவள் பாவம்’ என்று கதை சுருங்கிவிடும். ‘நல்ல இடத்தில்தானே கட்டிக் கொடுத்தோம், இன்னும் என்ன குறை?’ என்று நம் வீடுகளில் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குப் பதில் இந்தக் கதையில் இருக்கிறது.

இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ (1892) கதையிலும் கணவன் அன்பானவன், மருத்துவன். மனைவி எழுதக் கூடாது, ஓய்வாகக் கிடக்க வேண்டும் என்கிறான். அந்த அக்கறையிலேயே அவளுடைய மனம் சிதைகிறது. கில்மனுக்கும் 1887இல் ஒரு மருத்துவர் இப்படித்தான் ஓய்வு சிகிச்சை கொடுத்தார். இதையும் படித்துவிட்டு வாருங்கள், தம்பி.

திருக்கடலூர்: கணவனைத் திரும்பக் கண்ட ஆனந்தத்தில் செத்தாள் என்று டாக்டர்கள் சொல்கிறார்களே?

அவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். மேல்மாடி அறையில் நடந்தது நமக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பலகாமம்: கணவனின் கொடுமை பற்றி...

கதையைப் படியுங்கள்.

மூதூர்: மனைவி பேரில் காணி எழுதும் சட்டம் பற்றியும் சொல்வீர்களா?

அதை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

உவர்மலை: இதே மாதிரித் தமிழில் எதைப் படிக்கலாம்?

கு.ப.ராஜகோபாலனின் ‘விடியுமா?’ சிறுகதையைப் படிக்கலாம். கணவனின் நிலை மோசம் என்று தந்தி வர, குஞ்சம்மாள் தம்பியோடு இரவு ரயிலில் சென்னைக்குப் போகிறாள். லூயிஸுக்கு ஒரு மணி நேரம் என்றால் இவளுக்கு ஓர் இரவு. அந்த இரவில் அவள் பேசுவதையும் பேசாமல் விடுவதையும் கவனித்துப் படியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு இதையே எடுப்போம்.