தழும்பு சிறிதென்றால் உள்ளேயும் ஆறிவிட்டதா?

கேள்வி: 64 வயதான என் அம்மாவுக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி இருப்பதாகச் சொல்லி, அடுத்த மாதம் சத்திரசிகிச்சைக்கு நாள் தந்திருக்கிறார்கள். முன்பு அப்பெண்டிக்ஸ் வெடித்து ஒரு சத்திரசிகிச்சை நடந்ததால், இம்முறை வயிற்றைத் திறந்தே செய்ய வேண்டும் என்கிறார் நிபுணர். எங்கள் மாடியில் இருப்பவர் வயிற்றில் சிறு துளைகள் இட்டுத் துளைவழியாகச் செய்துகொண்டு நான்காம் நாளே வீடு வந்துவிட்டார். கடன்பட்டாவது தனியார் வைத்தியசாலையில் துளைவழியாகச் செய்விப்போமா?
- ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: துளைவழிச் சத்திரசிகிச்சையில் முதல் நாட்கள் இலகுவாக இருக்கும் என்பது உண்மைதான். சில சிறு துளைகளும், குடல் துண்டை வெளியே எடுக்க ஐந்து சென்ரிமீற்றர் அளவில் ஒரு வெட்டும் போதுமென்பதால் வலி குறைகிறது. வலி குறைவதால் ஆழமாக மூச்செடுக்கவும் எழுந்து நடக்கவும் முடிகிறது. குடலும் சற்று முந்தியே இயங்கத் தொடங்குகிறது. பின்னாளில் காயத்தில் குடலிறக்கம் வரும் வாய்ப்பும் பொதுவாகக் குறைவு. ஆனாலும் இந்த வேறுபாடு நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரியதல்ல. வட அமெரிக்காவின் 48 வைத்தியசாலைகளில் பெருங்குடற் புற்றுநோயாளர் 872 பேரிடம் நடத்தி 2004 இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த முறைக்கு 6 நாட்களும் துளைவழிக்கு 5 நாட்களுமே வைத்தியசாலையில் தங்க நேர்ந்தது. மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியதிலும் உயிர்வாழ்ந்ததிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

இரு முறைகளிலும் குடலின் நோயுற்ற பகுதியை வெட்டி எடுத்து, மிகுதி இரு முனைகளையும் இணைக்கிறார்கள். அந்த இணைப்பு ஆறுவதற்கு எடுக்கும் காலம், தோலில் உள்ள காயம் சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்ததல்ல. துளைவழியாகச் செய்தவர்கள் வெளியே தழும்பைப் பார்த்துத் தேறிவிட்டோம் என்று எண்ணி, இரண்டாம் கிழமையே தண்ணீர் வாளி தூக்குவது எனக்குப் பெரும் கவலை தருகிறது. அம்மாவுக்கு எந்த முறையில் செய்தாலும், நிபுணர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, ஆறு கிழமைக்குப் பாரம் தூக்குவதும் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதும் வேண்டாம்.

திறந்த சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள், ஒரு முதியவர் தலையணையை இரு கைகளாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி இருமிச் சளியை வெளியேற்றி, பிறகு அதே தலையணையோடு கட்டிலிலிருந்து இறங்கி நாற்காலிவரை நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கும் இதை இப்போதே பழக்குங்கள். வலிமருந்தை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவருக்கே நெஞ்சில் சளி கட்டுவதும் காலில் இரத்தம் உறைவதும் அதிகம். வாயு பிரியும்வரை பட்டினி என்ற பழைய வழக்கம் இப்போது பெரிதும் மாறிவிட்டது. வைத்தியர் அனுமதித்தவுடன் கஞ்சி, பின்னர் இடியப்பமும் சொதியும் என்று சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, வயிற்று வீக்கம், வாந்தி, நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் குடல் இணைப்பு கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். விடியும்வரை காத்திராமல், 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கடன்பட வேண்டாம் என்பதே என் கருத்து. அப்பெண்டிக்ஸ் வெடித்த வயிற்றில் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கக்கூடும். அத்தகைய வயிற்றில் துளைவழியாகத் தொடங்கினாலும் இடையில் திறக்க நேரிடலாம். உங்கள் நிபுணர் காரணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். வலப்பக்கக் கட்டியில் வெளியே தெரியாமல் இரத்தம் கசிந்து இரத்தசோகை உண்டாவது வழக்கம். அது தேறுவதைத் தாமதப்படுத்தும். ஆகவே அம்மாவின் ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு, இரும்புச்சத்து ஏற்ற வேண்டுமா என்று இந்தக் கிழமையே கேளுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் அதைச் சீர்செய்ய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.