மகன் பையில் மின்சிகரெட்: சிண்டா, சமூக மன்றம் என்று அலைவதால் பலன் உண்டா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். புதுச் சிநேகிதர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பள்ளிப் பையில் ஒரு மின்சிகரெட் கிடைத்திருக்கிறது. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா, சமூக மன்றம், போதை ஒழிப்புப் பிரசாரம் என்று இவ்வளவு நடக்கிறதே, இதெல்லாம் பிள்ளைகளைத் தடுக்கிறதா, இல்லை ஃபேஸ்புக்கில் படம் போடத்தானா என்று கேட்கிறீர்கள்.

படம் போடுவதற்காகவே நடப்பதும் உண்டு. உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் சில ஆண்டுகளாக இளையர்களோடு தொண்டூழியம் செய்கிறேன். அந்தப் படங்கள் சிலவற்றில் நானும் கட்டைவிரலை உயர்த்தியபடி நிற்கிறேன். ஆனால் பலன் தரும் ஏற்பாடுகளும் இருக்கின்றன. நம் ஆட்கள் அவற்றைத் தேடி வருவது பெரும்பாலும் காலம் கடந்த பிறகு, அதுதான் என் வருத்தம்.

முதலில் அந்த மின்சிகரெட். இங்கே அதை வைத்திருப்பதே 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம். அதைவிடப் பெரிய கவலை, உள்ளே என்ன இருக்கிறது என்பது. பையன்கள் 'கேபாட்' என்று சொல்வதில் எட்டோமிடேட் கலந்திருக்கும். மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கம் கொடுக்கப் பயன்படும் மருந்து அது. அதை இழுத்தவர்கள் நிற்க முடியாமல் தள்ளாடும் காணொளிகள் 2025இல் எல்லார் கைபேசியிலும் சுற்றின. அந்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், மின்சிகரெட்டை இனிப் போதைப்பொருள் பிரச்சினையாகவே அரசாங்கம் பார்க்கும் என்றார். செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் 'சி' பிரிவுப் போதைப்பொருள் ஆனது. முதல் தடவை பிடிபட்டால் 18 வயதுக்குக் கீழே 500 வெள்ளி, மற்றவர்களுக்கு 700 வெள்ளி அபராதம் என்றும், எட்டோமிடேட் என்றால் கூடவே ஆறு மாதம் வரை மறுவாழ்வுத் திட்டம் என்றும் அறிவித்தார்கள். தானாக முன்வந்து உதவி கேட்பவருக்குத் தண்டனை இல்லை என்றும் அப்போதே சொன்னார்கள். அபராதம் மட்டும்தான் நம் ஆட்கள் காதில் விழுந்தது. கடைசியில் சொன்னதை நான் சந்திக்கும் பெற்றோர் பலர் கேட்டதே இல்லை. பள்ளி ஆலோசகரிடமோ, மின்சிகரெட்டை விட உதவும் குவிட்வேப் திட்டத்திலோ நீங்களே போய்ச் சொல்வதும், கழிவறையில் ஆசிரியர் கையும் களவுமாகப் பிடிப்பதும் ஒன்றல்ல.

சரி, பிரசாரங்களுக்கு வருகிறேன். மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு மணி நேரம் பேசி, பென்சிலும் கைப்பட்டையும் கொடுத்து அனுப்பும் நிகழ்ச்சிகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. சட்டத்தைத் தெரிந்துகொள்ள அது உதவும், மறுக்கவில்லை. வெளிநாட்டில் போய்க் கஞ்சா இழுத்தாலும் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் இங்கே தண்டிக்கப்படலாம் என்பதை அப்படி ஒரு கூட்டத்தில்தான் பல பிள்ளைகள் முதன்முதலில் கேட்கிறார்கள். ஆனால் ஆபத்தில் இருக்கும் பையன் அந்த மண்டபத்தில் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருப்பான், அல்லது அன்றைக்குப் பள்ளிக்கே வந்திருக்க மாட்டான். அவனுக்கு முதல் 'பாட்' கொடுப்பவன் சுவரொட்டியில் வரைந்திருக்கும் கறுப்புச் சட்டைக்காரன் அல்லன். கூடப் பந்து விளையாடுகிறவன், 'சும்மா ஒரு இழு, ஒண்ணும் ஆகாது' என்று நீட்டுகிறான். இல்லையென்றால் டெலிகிராமில் வாங்கிக்கொள்கிறான்.

நான் கவனித்த வரையில் எல்லாம் நடப்பது பள்ளி விட்டதற்கும் பெற்றோர் வீடு திரும்புவதற்கும் நடுவில். அப்பா இரவு வேலை, பகலில் தூங்குகிறார். அம்மா வேலை முடிந்து வர ஏழு மணி ஆகும். வீட்டில் தம்பி தங்கைகள், ஓரறை வீட்டில் உட்காரவே இடம் இல்லை. பையன் புளோக்குக்குக் கீழே இறங்கிவிடுகிறான், அப்புறம் படிக்கட்டு, அப்புறம் அடுத்த புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்தம். இந்த நேரத்தை யார் நிரப்புகிறார்களோ அவர்கள்தான் தடுப்பு வேலை செய்கிறார்கள். போலிஸ் ஆதரவோடு பள்ளி விடுமுறைக் காலத்தில் நடக்கும் டெல்டா லீக் காற்பந்துப் போட்டி எனக்குப் பிடிக்கக் காரணம் அதுதான். விடுமுறையில்தான் பிள்ளைகள் அதிகம் சும்மா இருக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு. புக்கிட் ஹோ ஸ்வீயில் 1969இல் தொடங்கிய பியோண்ட் சோஷியல் சர்வீசஸ் அமைப்பும் அப்படித்தான், பிள்ளைகள் தங்களைத் தேடி வரட்டும் என்று காத்திருக்காமல் வாடகை புளோக்குகளுக்குள்ளேயே போய் வேலை செய்கிறது.

இந்த இடத்தில் உறுமி மேளத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. உறுமிக் குழு என்றதும் நம் பெரியவர்களில் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள். 'அவனுங்க எல்லாம் கேங்குப் பசங்க' என்பார்கள். பழைய காரணம் ஒன்று இருக்கிறது: 1973இல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்குத் தடை வந்ததே கோஷ்டிச் சண்டைகளால்தான். 2016இல்தான் ஊர்வலப் பாதையில் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் இன்றைக்குக் குழு நடத்தும் சில அண்ணன்மாரைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்குத் தாமதமாக வந்தால் வாசிக்க விடுவதில்லை. புகை வாசத்தோடு வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பரீட்சை நேரத்தில் தோல் வாத்தியத்தைத் தொடவே கூடாது. வகுப்பாசிரியர் சொன்னால் காதில் வாங்காத பையன் அந்த அண்ணன் முறைத்தால் அடங்கிவிடுகிறான். எல்லாக் குழுவும் இப்படி என்று சொல்ல மாட்டேன், விசாரித்துச் சேருங்கள். ஆனால் துணைப்பாட வகுப்புக்கு மானியம் கொடுக்கும் அதே மனசோடு இப்படிப்பட்ட குழுக்களுக்குப் பயிற்சி இடம் தர நம் அமைப்புகள் யோசிப்பதில்லை. சத்தம் வரும் என்கிறார்கள். சத்தம் வரத்தான் செய்யும்.

ஏற்கெனவே போலிஸ் வரை போய்விட்டாலும் வழி அடைந்துவிடுவதில்லை. சிறு குற்றம் செய்து பிடிபட்ட இளையரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், ஆறு மாத வழிகாட்டுத் திட்டம் ஒன்றில் சேர்க்கும் ஏற்பாடு 1997இலிருந்து இருக்கிறது. சமூக ஊழியர் ஒருவர் பையனையும் பெற்றோரையும் சேர்த்தே பார்ப்பார். ஒழுங்காக முடித்தால் எச்சரிக்கையோடு போய்விடும். குண்டர் கும்பலில் கால் வைத்தவர்களுக்காக அதே ஆண்டு தொடங்கியது ஸ்ட்ரீட்வைஸ் திட்டம். 2017இல் இன்னொன்றும் வந்தது. 16 வயதுக்குட்பட்டவரை போலிஸ் விசாரிக்கும்போது, பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பையனுக்குப் பதிலாக அவர் பேச மாட்டார், சட்ட ஆலோசனையும் சொல்ல மாட்டார். பிள்ளை பயந்து நடுங்கினால் தண்ணீர் கொடுக்கச் சொல்வார், கேள்வி புரியவில்லையென்றால் கவனிப்பார். இந்த வேலைக்கு நம் ஆட்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும் என்பது என் ஆசை. விசாரணை அறையில் ஒரு தமிழ் முகம் இருப்பது பதினான்கு வயதுப் பையனுக்கு எவ்வளவு பெரிய தெம்பு தெரியுமா!

இனி நம் வீட்டுக்குள்ளே நடப்பது. சிங்கப்பூர் மக்கள்தொகையில் இந்தியர் சுமார் 9 விழுக்காடுதான், ஆனால் போதைப்பொருள் வழக்கில் பிடிபடுவோரில் நம் பங்கு அதைவிடக் கூடுதல். இதைப் பேசினால் 'நம்மை நாமே ஏன் கேவலப்படுத்திக்கொள்ள வேண்டும்' என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பேன். மகன் பையில் எதையோ கண்டதும் ஒரு தமிழ்க் குடும்பம் என்ன செய்கிறது? முதலில் அம்மா அப்பாவிடம் மறைக்கிறார். அப்பாவுக்குத் தெரிந்ததும் அடி. 'அடியாத மாடு படியாது' என்று ஒத்து ஊத ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அடிபட்டவன் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறான். அப்புறம் கோயிலில் கயிறு, அர்ச்சனை. அதுவும் பலிக்கவில்லையென்றால் கொஞ்ச நாள் தமிழ்நாட்டுக்கோ ஜொகூருக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பும் யோசனை. அந்த யோசனை உங்களுக்கும் இருந்தால் ஒரு தகவல்: 13 வயதைத் தாண்டிய பையன் நீண்ட காலம் வெளிநாட்டில் இருக்கத் தேசிய சேவை அதிகாரிகளின் வெளியேறும் அனுமதி வேண்டும். போகிற ஊரில் போதை இல்லையா என்ன? இத்தனையும் முடிந்து குடும்ப சேவை நிலையத்தின் கதவைத் தட்டும்போது ஓராண்டு ஓடியிருக்கும், பையன் பழகிப்போயிருப்பான்.

மானம் போகும் என்பதுதான் பயம். சிண்டாவுக்குப் போனால் அங்கே நம் புளோக்கு அக்கா வேலை செய்வார், கோயிலில் பேசிவிடுவார் என்று ஒரு தாய் என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆலோசகர்கள் அப்படி வெளியே பேசக் கூடாது, பேசினால் வேலை போகும். அப்படியும் தயக்கம் என்றால் தமிழர் யாருமே இல்லாத குடும்ப சேவை நிலையத்துக்குப் போங்களேன். எந்த இனத்தவரும் எங்கேயும் போகலாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணில் பெயர் சொல்லாமலும் பேசலாம்.

சிண்டா பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 1991இல் இந்திய மாணவர்களின் படிப்பை மேம்படுத்தத்தான் அது தொடங்கப்பட்டது, இன்றும் அதன் பலம் துணைப்பாட வகுப்புகளும் குடும்ப உதவியும்தான். மாதாமாதம் நம் சம்பளத்தில் சில வெள்ளி அதற்குப் போகிறது, அதனால் உதவி கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை. துணைப்பாட வகுப்பு என்றால் மதிப்பெண் மட்டும் என்று நினைக்காதீர்கள். படிப்பில் பின்தங்கி, வகுப்பில் அவமானப்படும் பையனுக்குத்தான் வெளியே ஒரு கூட்டம் மரியாதை கொடுப்பதாக ஆசை காட்டுகிறது. கணக்குப் பாடம் புரிய ஆரம்பித்ததும் பள்ளிக்கு மட்டம் போடுவதை நிறுத்திய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வாரம் ஒருமுறை வகுப்பு எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அப்பாவோ அண்ணனோ சிறையில் இருக்கும் வீடுகளை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முன்னாள் கைதிகளுக்கு மறுவாய்ப்புத் தரச் சொல்லும் மஞ்சள் ரிப்பன் திட்டம் 2004இலிருந்து இருக்கிறது. செம்பவாங்கில் இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம், சிறையிலிருந்து வெளிவருவோரைத் தேற்றி அனுப்புகிறது. நல்ல வேலைதான். ஆனால் அப்பா ஆசிரமத்தில் இருக்கும்போது வீட்டில் பதின்மூன்று வயது மகன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று யாராவது கேட்கிறார்களா? நாங்கள் தீபாவளிக்குப் பலகாரப் பை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவோம், அத்தோடு சரி. ஆண்டு முழுக்கப் போய் வரும் ஆள் ஒருவர் கிடைத்தால் அந்தப் பையன் தப்பிக்கிறான். அப்படிப் போகும் தொண்டூழியர்கள் ஆறே மாதத்தில் வேலை, குழந்தை என்று நின்றுவிடுவதுதான் எங்கள் பெரிய தலைவலி.

உங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். பையனை அடிக்க வேண்டாம், போலிஸ் பெயரைச் சொல்லி மிரட்டவும் வேண்டாம். இந்த வாரமே பள்ளி ஆலோசகரைப் பாருங்கள், முடிந்தால் அப்பாவும் வரட்டும். தாய் மட்டும் தனியாக வந்து அழுதுவிட்டுப் போவதை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் புதுச் சிநேகிதர்களை விரட்ட நினைக்காதீர்கள், விரட்டினால் வேறு இடத்தில் சந்திப்பார்கள், உங்களுக்குத் தெரியாமல். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லிச் சோறு போடுங்கள், எந்த புளோக், யார் வீட்டுப் பிள்ளை என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொள்ளலாம். காற்பந்தோ, சிலம்பமோ, துணைப்பாடமோ, எதில் சேர்ப்பதாக இருந்தாலும் அவர்களில் ஒருவனையும் சேர்த்தே பெயர் கொடுங்கள். தனியாகப் போகிறவன் இரண்டாவது வாரமே நின்றுவிடுவான்.