பச்சைக் குழந்தைக்குப் பின்னுவது: குல்லா, பூட்டீஸ் (குழந்தைக் காலுறை), ஸ்வெட்டர் பற்றிக் கேள்வி பதில்

ஊசியும் உல்லன் நூலும் எடுத்துக் குழந்தைக்குப் பின்னத் தொடங்கியவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன். பேட்டர்ன் (பின்னல் குறிப்பு) ஒன்று சொல்லி, குழந்தையின் வசதி வேறொன்று சொன்னால் நான் குழந்தை பக்கம்தான். பதில்களை அப்படியே படியுங்கள்.

ஓசூர்: அக்கா, பேட்டர்னில் சொன்னபடி 72 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) போட்டுக் குல்லா பின்னினேன். தங்கையின் குழந்தைக்குத் தலையில் ஏறவே இல்லை. எத்தனை முறை எண்ணினாலும் கண்ணி சரியாகவே இருக்கிறது. எங்கே தப்பு?

எண்ணிக்கை சரிதான், கேஜ் மாறிவிட்டது. 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணி வருகிறது என்பதுதான் கேஜ். பேட்டர்னின் தலைப்பிலேயே அது இருக்கும். டபுள் நிட்டிங் என்ற நடுத்தரத் தடிமன் நூலுக்கு வழக்கமாக 4 மி.மீ. ஊசியில் 22 கண்ணி, 28 வரிசை. அந்தக் கணக்குப்படி 72 கண்ணி என்றால் சுற்றளவு சுமார் 32.7 செ.மீ. பிறந்த குழந்தையின் தலை ஏறக்குறைய 35 செ.மீ. இருக்கும். குல்லா இரண்டு செ.மீ. குறைவாக இருந்தால்தான் இழுத்துக்கொண்டு நழுவாமல் நிற்கும். ஆக, பேட்டர்ன் எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

நீங்கள் கை இறுக்கிப் பின்னுகிறவராக இருந்து 10 செ.மீ.க்கு 26 கண்ணி வந்திருந்தால்? அதே 72 கண்ணிக்கு 27.7 செ.மீ.தான் கிடைக்கும். முழுசாக 5 செ.மீ. போய்விட்டது. அந்த அளவு குறைமாதக் குழந்தைக்குத்தான் பொருந்தும்.

இரண்டு வழி உண்டு. ஊசியை ஒரு அளவு பெரிதாக்கி மறுபடி அளந்து பாருங்கள். அல்லது பின்னிய துணியின் நெருக்கம் பிடித்திருந்தால் அதே ஊசியில் பேட்டர்னின் பெரிய அளவைப் பின்னுங்கள். 88 கண்ணி அளவு இருந்தால், உங்கள் கையில் அது 33.8 செ.மீ. வரும். உயரத்தை மட்டும் வரிசைக் கணக்கில் போகாமல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் மாதிரித் துண்டு பின்ன வேண்டுமா? நூல் வீணாகிறதே?

குல்லாவுக்கு வேண்டாம். குல்லாவையே தொடங்கி, மூன்று விரல் உயரம் வந்ததும் அளந்து பாருங்கள். தப்பாக இருந்தால் பிரித்துவிடலாம், ஒரு மணி நேர வேலைதான் போகும். ஸ்வெட்டருக்குக் கண்டிப்பாக வேண்டும். குறைந்தது 12 செ.மீ. சதுரம் பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு நடுவில் அளக்க வேண்டும். துவைக்காமல் அளந்த கேஜை நம்பாதீர்கள், பருத்தி நூலில் அது நிச்சயம் மாறும். அளந்து முடித்ததும் பிரித்து அதே நூலில் பின்னிக்கொள்ளலாம், வீணாகாது.

மதுரை: கடையில் 8 நம்பர் ஊசி கேட்டு வாங்கினேன். அமெரிக்கப் பேட்டர்னிலும் 8 என்றுதான் இருந்தது. ஆனால் துணி அட்டை மாதிரி இறுகிவிட்டது.

நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் பேச்சுவழக்கில் நிற்கிறது. அதில் 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. இன்னும் குழப்பம், பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். நம் 10 நம்பர் 3.25 மி.மீ., அவர்களின் 10 நம்பர் 6 மி.மீ. நம்பரை மறந்துவிட்டு மி.மீ. மட்டும் கேட்டு வாங்குங்கள். ஊசித் தலையிலோ அட்டையிலோ அது பொறித்திருக்கும்.

திருநெல்வேலி: பின்னத் தெரியும், பேட்டர்ன் படிக்கத் தெரியாது. "கே6, கே2டாக்" என்றெல்லாம் இருக்கிறது. பார்த்தாலே மூடி வைக்கத் தோன்றுகிறது.

மூடி வைக்காதீர்கள். பின்னத் தெரிந்தவருக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிடும். கே என்றால் நிட் (நேர்ப் பின்னல்), பி என்றால் பர்ல் (எதிர்ப் பின்னல்). கே2டாக் என்பது இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரே நிட், அதாவது ஒரு கண்ணி குறைகிறது. எஸ்எஸ்கே என்பதும் ஒன்று குறைப்பதுதான், ஆனால் சாய்வு இடப்பக்கம் போகும். யோ என்றால் ஊசி மேல் நூலைச் சுற்றி ஒரு கண்ணி கூட்டுவது, அந்த இடத்தில் ஓட்டை விழும். பழைய பிரிட்டிஷ் பேட்டர்னில் இதையே ஒய்எஃப்டபிள்யூடி என்று போட்டிருப்பார்கள்.

இப்போது குல்லாவின் உச்சியை எடுத்துக்கொள்வோம். "*கே6, கே2டாக்; நட்சத்திரத்திலிருந்து கடைசி வரை திரும்பச் செய்க (63 கண்ணி)" என்று இருக்கிறது. ஆறு நிட், பிறகு இரண்டைச் சேர்த்து ஒன்று. இப்படி 72 கண்ணியில் ஒன்பது முறை வரும், ஒன்பது கண்ணி குறையும், மிச்சம் 63. அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த 63 உங்களைச் சரிபார்க்கப் போட்டது. ஒவ்வொரு குறைப்பு வரிசை முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். மூன்று வரிசை தாண்டிக் கண்டுபிடித்தால் பிரிக்க மனசு வராது.

அடைப்புக்குறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. "72 (80, 88)" என்றால் மூன்று அளவுகள். நீங்கள் பின்னப்போகும் அளவை மட்டும் பேட்டர்ன் முழுக்கப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு ஊசியைத் தொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வார்த்தை, "அதே நேரத்தில்". ஸ்வெட்டரில் கைக்குழியைக் குறைக்கச் சொல்லி அரைப்பக்கம் எழுதியிருப்பார்கள். அடுத்த பத்தியில்தான் "அதே நேரத்தில் கழுத்தையும் குறைத்துக்கொண்டு வரவும்" என்று வரும். வரிவரியாகப் படித்துப் பின்னுகிறவர் அங்கே போய்ச் சேரும்போது கைக்குழி முடிந்தே போயிருக்கும். முதலில் கடைசி வரி வரை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சென்னை: இங்கே அடிக்கிற வெயிலுக்கு உல்லன் பின்னலாமா? எந்த நூல் வாங்குவது?

வெயில் காலத்துக்குப் பருத்தி. மார்கழிப் பனிக்கும் ஏசி அறைக்கும் மெல்லிய அக்ரிலிக்கோ, பருத்தி கலந்த அக்ரிலிக்கோ போதும். பருத்தியில் ஒரு குணம் உண்டு: அது கனமானது, இழுத்தால் திரும்பி வராது. ரிப் (நிட்டும் பர்லும் மாறிமாறி வரும் இழுபடும் பின்னல்) பின்னினாலும் கொஞ்ச நாளில் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் ரிப் பகுதிக்கு மட்டும் ஒரு அளவு சின்ன ஊசி எடுங்கள்.

அக்ரிலிக் மலிவு, சீக்கிரம் காயும், மெஷினில் போடலாம், மழைக்காலத்தில் இது பெரிய உதவி. ஆனால் சூடு ஆகாது. அயர்ன் பட்டால் துணி தன் துள்ளலை இழந்து செத்துப்போகும், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். குளிப்பாட்டிச் சாம்பிராணி போடும் வீடுகளில் அக்ரிலிக் ஸ்வெட்டரோடு குழந்தையைக் கரிச்சட்டி அருகே கொண்டுபோகவே கூடாது.

மெரினோ கம்பளி வாங்க வசதி இருந்தால் லேபிளில் சூப்பர்வாஷ் என்று இருக்கிறதா பாருங்கள். அந்தப் பதப்படுத்தல் இல்லாத கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் ஒரே சலவையில் சுருங்கிக் கட்டியாகிவிடும். பிறந்த குழந்தையை வைத்திருக்கும் அம்மாவுக்குக் கையால் மட்டுமே துவைக்க வேண்டிய துணியைப் பரிசாகக் கொடுப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

நூலைக் கழுத்திலோ உதட்டின் மேலோ வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே அரித்தால் அது குழந்தைக்கு வேண்டாம். முடி முடியாக நிற்கும் மொஹேர் நூலும் வேண்டாம், பிள்ளை வாயில் வைத்தால் இழை இழையாக வரும்.

டொரன்டோ: தங்கச்சி, மகளுக்குத் தை மாசம் பிள்ளை கிடைக்கப் போகுது. இங்க சரியான குளிர். இரவு படுக்கேக்கையும் போட்டுவிடத் தொப்பியும், ஓட்டை வேலை வைச்ச போர்வையும் பின்னலாம் எண்டு நினைக்கிறன்.

அக்கா, தொப்பி கட்டாயம் பின்னுங்கள், வெளியே கொண்டுபோகும்போது போட. தூங்கும்போது வேண்டாம். குழந்தை அதிகச் சூட்டைத் தலை வழியாகத்தான் பெருமளவு வெளியேற்றுகிறது. தொப்பி சரிந்து முகத்தை மூடவும் கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022ல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்பு வழிகாட்டுதலில், பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர வீட்டுக்குள் தொப்பி வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. ஒரு வயது வரை தொட்டிலில் தளர்வான போர்வையும் கூடாது.

போர்வையை ஆள் பக்கத்தில் இருக்கும்போது, மடியில் வைத்திருக்கையில் பயன்படுத்தலாம். ஓட்டை வேலையை மட்டும் விட்டுவிடுங்கள், சின்ன விரல் அதில் மாட்டிக்கொள்ளும். எல்லா வரிசையும் நிட்டாகவே போகும் கார்ட்டர் பின்னல் குளிருக்குத் தடிப்பாக இருக்கும், ஓரம் சுருளாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழகாக இருக்கும். உங்கள் பேரப்பிள்ளை நன்றாக வந்து சேரட்டும்.

தஞ்சாவூர்: பிறப்பதற்கு முன்னால் புதுத்துணி எதுவும் தயார் செய்யக் கூடாது என்கிறார் அத்தை. எனக்கோ இப்போதுதான் நேரம் இருக்கிறது.

அத்தையின் மனசை நோகடிக்க வேண்டாம். மாதிரித் துண்டு பின்னுங்கள், கேஜ் பாருங்கள், புதுப் பின்னல்களைப் பழகுங்கள். ஸ்வெட்டரின் முதுகுப் பாகத்தையும் கைகளையும் தனித்தனியாகப் பின்னி வைத்தால் அது இன்னும் துணி ஆகவில்லை, அதற்கு அவர் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பிறந்த பிறகு தைத்து முடிக்கலாம். எப்படியும் பிறந்த அளவில் பின்னாதீர்கள், சில வாரங்களில் போதாமல் போய்விடும். ஆறு மாத அளவுக்கு, மார்புச் சுற்று 43 செ.மீ. குழந்தைக்கு என்று எழுதிய பேட்டர்னை எடுங்கள். முதலில் கையை மடித்துவிட்டுப் போடலாம்.

சேலம்: பூட்டீஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது, உதைத்து உதைத்துக் கழற்றிவிடுகிறான். இறுக்கினால் காலில் தடம் விழுகிறது.

குழந்தைக்குக் குதிகால் இன்னும் எடுப்பாக வரவில்லை, அதனால் பிடிப்பு கணுக்காலுக்கு மேலேதான் வேண்டும். அங்கே 2 நிட், 2 பர்ல் ரிப் குறைந்தது 5 செ.மீ. உயரம் பின்னுங்கள். தடம் விழுவது ரிப்பால் அல்ல, ஓரத்தால். மேலிருந்து தொடங்கும் பேட்டர்ன் என்றால் இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்துக் கண்ணி போட்டு, பிறகு ஒன்றை உருவிவிடுங்கள். கீழிருந்து தொடங்கினால், முடிக்கும்போது வலது கையில் பெரிய ஊசி எடுங்கள். ஓரத்துக்குள் உங்கள் இரண்டு விரல் லேசாகப் போய்வர வேண்டும்.

ரிப்பனோ முறுக்குக் கயிறோ கோக்காதீர்கள். அப்புறம், பூட்டீஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிறம் போட்டுப் பின்னியதில் உள்ளே நீளமாக ஓடும் நூல் இருந்தால் கால்விரலைச் சுற்றி இறுக்கிவிடும், ரத்த ஓட்டமே தடைபடலாம். கையுறையிலும் இதே ஆபத்து. குழந்தை காரணமில்லாமல் வீறிட்டு அழுதால் முதலில் இவற்றைக் கழற்றி விரல்களைப் பாருங்கள்.

குன்னூர்: ஸ்வெட்டரின் இடப்பக்க முன்பாகம் முடித்தேன். வலப்பக்கத்துக்கு "ஷேப்பிங்கை (கண்ணி குறைத்து வடிவம் கொடுப்பதை) எதிர்ப்பக்கமாகத் திருப்பிச் செய்க" என்று ஒரே வரி! என்ன செய்வது?

இடம் மிச்சம் பிடிக்கப் பழைய பேட்டர்ன்களில் இப்படி விட்டுவிடுவார்கள். ஒரு நோட்டில் இடப்பக்கத்தை வரிசை வரிசையாக எழுதுங்கள். எதிரே வலப்பக்கத்தை எழுதும்போது, வரிசையின் தொடக்கத்தில் குறைத்ததெல்லாம் கடைசிக்குப் போகும், கடைசியில் குறைத்தது தொடக்கத்துக்கு வரும். கே2டாக் இருந்த இடத்தில் எஸ்எஸ்கே. ஒரே சிக்கல், கண்ணி முடிப்பது வரிசையின் தொடக்கத்தில்தான் முடியும். அதனால் கழுத்துக்குக் கண்ணி முடிக்கும் இடத்தில் வலப்பக்கம் ஒரு வரிசை முன்னேயோ பின்னேயோ வரும், அது வெளியே தெரியாது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கழுத்திலிருந்து கீழே ஒரே துண்டாகப் பின்னும் ராக்லான் (கழுத்திலிருந்து அக்குள் வரை கை சாய்வாக இணையும் வகை) பேட்டர்ன் எடுங்கள். 1968ல் எலிசபெத் ஸிம்மர்மன் வடிவமைத்த ஒரு குழந்தை ஜாக்கெட்டும் உண்டு: 160 கண்ணியில் தொடங்கி முழுக்கக் கார்ட்டர் பின்னலில் விசித்திரமான ஒரே துண்டாக வரும், மடித்துத் தோள் இரண்டையும் தைத்தால் ஜாக்கெட். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பட்டன் வைக்கலாமா?

தட்டையானது, இரட்டை நூலில் இறுக்கித் தைத்தது என்றால் வைக்கலாம். ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் இழுத்துப் பாருங்கள். மணி, முத்து, பாம்பாம் வேண்டாம். கழுத்தில் கயிறு கூடவே கூடாது. ஐரோப்பாவின் இஎன் 14682 தரவிதி ஏழு வயது வரை கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிற்றைத் தடை செய்கிறது.

ஊட்டி: என் மகளுக்குப் பின்னிய ஸ்வெட்டர்களை அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பேத்திக்குப் போடலாமா?

அப்படியே எடுத்துப் போடாதீர்கள் அம்மா. நாப்தலீன் அந்துருண்டையின் வாடை ஏறிய துணி, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அந்தக் குறைபாடு குழந்தைக்கு இருப்பது பார்த்தால் தெரியாது. பச்சைக் குழந்தைக்கு அவை வேண்டாம் என்பேன். துவைத்து வெயிலில் போட்டாலும் வாடை முழுதாகப் போய்விட்டது என்று உறுதி சொல்ல முடியாது. இனி துவைத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத உறையில் காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். பழைய ஸ்வெட்டரை அளந்து, அதே மாதிரி ஒன்றைப் புதிதாகப் பின்னிக் கொடுங்களேன்.

டபுள் நிட்டிங் நூல் 50 கிராம் கையில் இருக்கிறது. என்ன பின்னலாம்?

பிறந்த குழந்தைக்கு ஒரு குல்லா, சுமார் 25 கிராம். ஒரு ஜோடி பூட்டீஸ், 15 முதல் 20 கிராம். மிஞ்சும் சின்ன உருண்டையை லேபிளோடு எடுத்து வையுங்கள். பூட்டீஸில் ஒன்று எப்படியும் தொலையும், வேறு சாய லாட்டில் (வேறொரு தடவை சாயம் ஏற்றிய நூலாக) வாங்கினால் நிறம் ஒத்துவராது.