எப்போதும் 450 தான் காட்டுகிறதா?

புது ரவுட்டரின் வைஃபையில் உங்கள் கார்பன் டை ஆக்சைடு மானி சேர மறுக்கிறது, பழைய ரவுட்டரில் இருந்தபோதும் இருவர் தூங்கும் மூடிய அறையில் அளவு 450 பிபிஎம்-ஐ (காற்றின் பத்து லட்சம் பங்கில் 450) தாண்டவே இல்லை என்கிறீர்கள்.

ரவுட்டர் விஷயம் சுலபம். இந்த மானிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே பிடிக்கும். ரவுட்டரில் அந்த அலைவரிசைக்குத் தனிப் பெயர் கொடுத்து, போனையும் அதிலேயே வைத்துக்கொண்டு சேருங்கள்.

450 தான் இடிக்கிறது. அப்படிப்பட்ட அறையில் விடிவதற்குள் 1000 தாண்டாவிட்டால்தான் ஆச்சரியம். பல சென்சார்கள் சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று நம்பி, அதையே 400 ஆக்கிக்கொள்ளும். ஜன்னலே திறக்காத அறையில் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். செயலியில் தானியங்கி அளவுத்திருத்தத்தை அணையுங்கள். அப்புறம் மானியை நிழலான திறந்தவெளியில் இருபது நிமிடம் வைத்து (பக்கத்தில் நின்று மூச்சு விடாதீர்கள்!) கையால் திருத்துங்கள். வெளிக்காற்றில் இப்போது 420-க்குச் சற்று மேல் இருக்கும்.

அதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். 'ஈசிஓ2' (eCO2) என்று போட்டிருந்தால் அது வேறு வாயுக்களை வைத்துப் போடும் ஊகம். எந்தத் திருத்தமும் உதவாது. அகச்சிவப்பு ஒளியால் கார்பன் டை ஆக்சைடையே நேரடியாக அளக்கும் என்டிஐஆர் (NDIR) சென்சார் உள்ளதாக மாற்றிவிடுங்கள்.