ஐரிஸ் விதை முளைக்கவில்லை என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்

கேள்வி: வீட்டுத் தோட்டத்துத் தாடி ஐரிஸில் (கீழிதழ்களில் தாடிபோல் மயிர் உள்ள பூச்செடி) காய் பிடித்தது. காய் பழுப்பாகி வெடித்ததும் 30 விதைகளை எடுத்துத் தொட்டியில் போட்டேன். ஆறு வாரமாகத் தண்ணீர் தெளிக்கிறேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழுதா? முளைத்தால் அதே ஊதா நிறம்தான் பூக்குமா?

பதில்: காய் தானாக வெடித்த பிறகு எடுத்திருப்பதால் விதை முற்றியதுதான். அது உறக்கத்தில் இருக்கிறது. ஐரிஸ் விதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அவை கரைந்து வெளியேறி, பிறகு ஈரத்தோடு குளிரும் பட்டால்தான் கரு விழிக்கும். நீங்கள் ஈரம் கொடுத்தீர்கள், குளிர் கிடைக்கவில்லை.

மண்ணைச் சலித்து விதைகளை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. கொழகொழவென்று நசுங்கினால் அழுகியது. நல்லவற்றை ஒரு பழைய நைலான் காலுறையில் கட்டித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும், ஆனால் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கரைந்த தடுப்புப் பொருள் அதே நீரிலேயே நிற்கும், நாற்றமும் எடுக்கும்.

அடுத்தது குளிர். தென்னைநார்க் கழிவை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, விதையோடு கலந்து பாலித்தீன் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 8 முதல் 12 வாரம் வையுங்கள். 4 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். ஃப்ரீசர் கூடவே கூடாது. நீர் ஊறிய விதை உறைந்தால் செத்துவிடும். பையில் தேதி எழுதுங்கள், வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூஞ்சை கண்டால் விதையைக் கழுவிப் புதுக் கழிவுக்கு மாற்றுங்கள். உள்ளேயே வேர் விட்டதை உடனே எடுத்து நட்டுவிடுங்கள். வெயில் கடுமையான இடமென்றால், 12 வாரம் முடியும்போது குளுமையான பருவம் தொடங்கும்படி கணக்குப் போட்டு ஊறப்போடுவது நல்லது.

விதைக்கும் கலவை நீர் தேங்காததாக இருக்க வேண்டும்: ஒரு பங்கு மணல், ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு, அரைப் பங்கு மண்புழு உரம். ஒன்றரை செ.மீ. ஆழம், விதைக்கு விதை 3 செ.மீ. இடைவெளி. மேல்மண் லேசாக உலர்ந்த பிறகே தண்ணீர். சொதசொதவென்று வைத்தால் நாற்றழுகல் வந்து, நாற்று தரைமட்டத்தில் கருகிச் சாயும்.

இத்தனை செய்தும் எல்லாம் ஒன்றாக முளைக்காது. சில இந்தப் பருவத்தில், சில அடுத்த ஆண்டுக் குளிருக்குப் பிறகு, ஒன்றிரண்டு மூன்றாம் ஆண்டில்கூட வரும். ஐரிஸில் அதிக விதை வீணாவது அழுகலால் அல்ல, அவசரத்தால்தான் என்பேன். முளைத்தவற்றை மட்டும் பெயர்த்துவிட்டுத் தொட்டியைப் பெயர்ச்சீட்டோடு ஓரமாக வையுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை உறுதி கிடையாது. தோட்டத்துத் தாடி ஐரிஸ்கள் பெரும்பாலும் கலப்பினம். ஒரே காயின் விதைகள்கூட வெவ்வேறு நிறத்தில் பூக்கும். அதே ஊதாதான் வேண்டுமென்றால் தாய்ச்செடியின் கிழங்கைப் பிரித்து நடுங்கள், விதை வேண்டாம்.

நாற்றில் நான்கைந்து இலை வந்ததும், நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படும் மேட்டுப் பாத்தியில் 25 செ.மீ. இடைவெளியில் நடலாம். கிழங்கு பருக்கும்போது அதன் முதுகை மண் போட்டு மூடாதீர்கள், வெயில் பட வேண்டும். யூரியாவும் பச்சைச் சாணமும் வேண்டாம். இலைதான் கொழுக்கும், கிழங்கில் மென்அழுகல் பிடிக்கும். முதல் பூவுக்கு இரண்டு, மூன்று ஆண்டு ஆகும்.