மூளையில் புரதம் கெட்டுப்போனால் மாத்திரை காப்பாற்றுமா?

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன். மூளையில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் புரதம் கெட்டுப்போவதுதான் காரணம் என்று படித்தேன். சாப்பாட்டில் புரதத்தைக் குறைக்க வேண்டுமா? ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: புரதத்தைக் குறைக்காதீர்கள். நீங்கள் படித்தது, நரம்புச் செல் தன் வேலைக்காகத் தானே உள்ளே தயாரித்துக்கொள்ளும் புரதங்களைப் பற்றியது. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா என்ற மருந்தைச் சாப்பிடுபவர் என்றால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் சிலருக்கு அந்த மருந்து சரியாக ஏறாது. நேரத்தை மாற்றினால் போதும், எப்படி என்று டாக்டர் சொல்வார்.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட 20 சதவீதம் அதற்கே போகிறது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா அதை வைத்து ஆற்றல் எடுக்கும்போது ஒரு சிறு பங்கு தப்பி, அக்கம்பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் மூலக்கூறுகளாகிவிடுகிறது. செல் சமாளிக்க முடியாத அளவுக்கு இவை பெருகுவதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். பார்க்கின்சனில் அடிவாங்கும் நடுமூளைப் பகுதியில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே நரம்புச் செல்கள் செய்தி அனுப்பத் தயாரிக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளே எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும், கூடவே அதை வேகப்படுத்தும் இரும்பும் இருக்கிறது.

சில சேதங்களைச் செல்லே சரிசெய்துவிடும். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிய ஆக்சிஜனைக் கழற்றிவிடத் தனி நொதியே உண்டு. புரதத்தில் கார்பனைல் என்ற வேதித்தொகுதி உருவாகிவிடும் சேதம் அப்படியில்லை, அந்தப் புரதத்தை உடைத்துப்போடுவதைத் தவிர வழி கிடையாது. உடைக்கிற வேலை, செல்லுக்குள் இருக்கும் புரதம் நறுக்கும் இயந்திரமான புரோட்டியாசோமுடையது. லேசாகக் கெட்டதை அது சுலபமாக நறுக்கிவிடும், ஆனால் கெட்ட புரதங்கள் ஒன்றோடொன்று பின்னித் திரளாகிவிட்டால் நறுக்க முடியாமல் அதுவே முடங்கிப்போகும். தோல் செல்லாவது பிரிந்து பெருகும்போது குப்பை பங்காகிக் குறையும், நரம்புச் செல் பிரிவதே இல்லை, சேர்ந்தது சேர்ந்ததுதான். பார்க்கின்சனில் ஆல்ஃபா சினுக்ளீன் என்ற புரதம் இப்படித்தான் திரளாகத் தங்கிவிடுகிறது. அந்தத் திரள்கள் மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுக்கும் என்பதால், எது காரணம், எது விளைவு என்று ஒற்றை வரியில் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ‘இதுதான் காரணம்’ என்று அடித்துச் சொல்கிற கட்டுரைகளை நான் ஏற்பதில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். ஆக்சிஜனேற்றம் கெடுக்கிறது, ஆகவே அதைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் காப்பாற்றும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஆரம்பநிலைப் பார்க்கின்சன் உள்ள 800 பேரிடம் நடந்த ஆய்வில் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தும் நோய் மெதுவாகவில்லை, அந்த முடிவு வெளிவந்தது 1993-இல். கோஎன்சைம் க்யூ10 என்ற இன்னொரு ஆன்டிஆக்சிடன்டை 600 பேரிடம் சோதித்த ஆய்வும் 2014-இல் அதே பதிலைத்தான் தந்தது. கை நடுங்க ஆரம்பிக்கும்போதே டோபமைன் தயாரிக்கும் நடுமூளைச் செல்களில் கணிசமான பங்கு அழிந்திருக்கும், விழுங்கியதில் எவ்வளவு மூளையின் அந்த இடம்வரை போய்ச்சேரும் என்பதும் தனிப் பிரச்சினை.

அதனால் அப்பாவுக்காக இதில் பணம் போடாதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அடுத்த முறை டப்பாவையே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால் அதுவரைகூடக் காத்திருக்காமல் போனிலாவது கேட்டுவிடுங்கள், அதிக அளவு வைட்டமின் ஈ அந்த மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரும் அபாயம் கூடும்.