ஸ்வீடனின் பழைய நெடுஞ்சாலை 'ரிக்செட்டன்' வழியாகக் காரில் போவது மெனக்கெடத் தகுந்ததா?

கேள்வி: கோடையில் ஸ்டாக்ஹோமிலிருந்து தெற்கே காரில் போகிறோம். ஈ4 நெடுஞ்சாலையை விட்டுவிட்டு 'ரிக்செட்டன்' என்ற பழைய சாலையில் போனால் அழகாக இருக்கும் என்கிறார்கள். போனவர்கள் சொல்லுங்களேன், நேரம் வீணாகாதா?

பதில்:

முழுச் சாலையையும் பிடித்துக்கொண்டு போனால் வீணாகும். ஊடெஸ்ஹோகிலிருந்து யோன்ஷோப்பிங் வரை ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் மட்டும் போங்கள். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மற்ற தூரத்தை ஈ4-இல் ஓட்டித் தள்ளிவிடலாம். இதுதான் என் பதில். கீழே உள்ளதெல்லாம், லிங்ஷோப்பிங்கில் ஆறு வருடமாக இருந்துகொண்டு அந்தப் பக்கம் பலமுறை போய்வந்ததில் சேர்ந்தது.

முதலில் பெயர். ஸ்வீடிஷில் 'எட்' என்றால் ஒன்று. 'ரிக்செட்டன்' என்பதைத் 'தேசிய சாலை நம்பர் ஒன்' என்று வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் செல்லம் சேர்த்து. 1945-இல் நாட்டின் பெரிய சாலைகளுக்கு எண் கொடுத்தபோது ஸ்டாக்ஹோமையும் ஹெல்சிங்போர்கையும் இணைத்த சாலைக்கு 1 கிடைத்தது. 1962-இல் ஐரோப்பிய எண்கள் வந்ததும் அதுவே ஈ4 ஆனது. பிறகு துண்டு துண்டாக மோட்டார்வே போட்டு, வண்டிகளையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஊர்களின் நடுவே ஓடிய பழைய சாலை அப்படியே நின்றுவிட்டது. இன்று அதைத்தான் சுற்றுலாச் சாலை என்று பழுப்புப் பலகை வைத்துக் காட்டுகிறார்கள்.

எண்ணுக்கு முன்பே அங்கே வழி இருந்தது. யோன்ஷோப்பிங்குக்குத் தெற்கே லாகன் ஆற்றை ஒட்டிப் போகும் பாதை இடைக்காலத்திலேயே உண்டு. அதற்கு 'லாகஸ்டீகன்' என்று பெயர். 1649-இல் கிறிஸ்டினா அரசி காலத்தில் சாலையோரச் சத்திரங்களுக்கும் மைல்கல்லுக்கும் சட்டம் போட்டார்கள். பயணிக்குக் குதிரை கொடுத்து அடுத்த சத்திரம் வரை கொண்டுபோய் விடுவது சுற்றுவட்டார விவசாயிகளின் கடமை. அறுவடை நேரமாக இருந்தாலும் தப்ப முடியாது. சாலையைப் பராமரிப்பதும் அவர்கள் தலையில்தான். யாருக்கு எந்தத் துண்டு என்று காட்டக் கல் நட்டிருந்தார்கள். இந்த மாதிரிப் பழைய சாலைகளில் மகுடமும் அரசரின் முத்திரை எழுத்தும் பொறித்த மைல்கற்கள் இன்னும் புல்லுக்குள் நிற்கின்றன. எண்பதில் போனால் கண்ணில் படாது.

மைல்கல் என்றதும் என் முட்டாள்தனம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வந்த புதிதில் அலுவலக நண்பரிடம், "கிரென்னா இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "ஒன்பது மில்தான்" என்றார். ஒன்பது மைல்தானே, பதினான்கு கிலோமீட்டர், சனிக்கிழமை சைக்கிளிலேயே போய்வந்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். இரண்டு மணி நேரம் மிதித்து மண்டோர்ப் என்ற ஊர் வந்த பிறகுதான் போனை எடுத்து மேப்பைப் பார்த்தேன். ஸ்வீடிஷ் 'மில்' என்பது பத்து கிலோமீட்டர். பழைய காலத்தில் அது 10,688 மீட்டர். மெட்ரிக் முறை வந்தபோது வெட்டிச் சரியாகப் பத்தாக்கிக்கொண்டார்கள், பெயரை மட்டும் விடவில்லை. திரும்பி வந்து இரண்டு நாள் உட்காரவே முடியவில்லை. நீங்கள் யாரிடம் வழி கேட்டாலும் இதை நினைவில் வையுங்கள்.

சரி, சாலைக்கு வருவோம்.

ஊடெஸ்ஹோகுக்குப் போகும் முன் கொஞ்சம் விலகினால் ரோக் கல்வெட்டு இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'ரூன்' என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் ஏறக்குறைய 760, கல்லின் எல்லாப் பக்கமும். வாரின் என்ற தந்தை இறந்துபோன மகன் வேமோத்துக்காகச் செதுக்கியது என்பதுவரை தெளிவு. மீதிக்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிறிய இடம்தான், அரை மணி நேரம் போதும்.

ஊடெஸ்ஹோக் தாண்டியதும் வெட்டர்ன் ஏரி தெரிய ஆரம்பிக்கும். நாட்டின் இரண்டாவது பெரிய ஏரி. பெயருக்குத்தான் ஏரி, அக்கரை பல நாள் தெரியாது. இங்கே ஒரு வேடிக்கை. மோட்டார்வே மலை மேட்டின் மேலே போகிறது, பழைய சாலை கீழே. மேலே ஈ4-இன் ஓய்விடத்தை ஒட்டி பிராஹேஹுஸ் என்ற இடிந்த மாளிகை நிற்கிறது. பேர் பிராஹே என்ற பிரபு 1630-களில் மனைவிக்காகக் கட்ட ஆரம்பித்தார். தான் முதலில் போய்விட்டால் அவள் இருக்க ஒரு வீடு வேண்டும் என்று. வேலை முடியும் முன்பே மனைவி போய்விட்டார். 1708-இல் கீழே ஊரில் பிடித்த தீ மேலே வரை தாவி எரித்தது. அன்றிலிருந்து கூரை கிடையாது. ஜன்னல் ஓட்டைகள் வழியே ஏரியும் நடுவே விசிங்ஸோ தீவும் தெரியும். படம் எடுக்க எல்லாரும் நிற்கும் இடம் இதுதான். ஆக, இந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஈ4-இல் ஏறிப் பார்த்துவிட்டு, பிறகு இறங்கிப் பழைய சாலையைப் பிடியுங்கள். சாலைப் பற்று என்று பிடிவாதம் பிடித்து இதைத் தவறவிடாதீர்கள்.

கீழே கிரென்னா. அதே பேர் பிராஹே 1652-இல் உண்டாக்கிய ஊர். பழைய நெடுஞ்சாலைதான் ஊரின் கடைத்தெரு. தாழ்வான மரவீடுகள், பின்னால் செங்குத்தான மலை, முன்னால் ஏரி. ஒரு காலத்தில் ஸ்டாக்ஹோம் லாரி எல்லாம் இந்த ஒடுக்கமான தெரு வழியாகத்தான் போயிருக்கிறது என்பதை நம்பவே முடியாது. இப்போது அங்கே நெரிசல் என்றால் மிட்டாய்க் கடை வரிசைதான்.

மிட்டாயின் பெயர் 'போல்காகிரிஸ்'. சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய பெப்பர்மின்ட் குச்சி. அமாலியா எரிக்சன் என்ற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி அதிக நாள் ஆகவில்லை, கணவர் சீதபேதியில் இறந்துவிட்டார். கையில் பச்சைக் குழந்தை. 1859-இல் ஊர் மன்றத்திடம் மிட்டாய் போட்டு விற்க அனுமதி கேட்டு வாங்கினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் சொந்தத் தொழிலுக்கு அனுமதி வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. செய்முறையை யாருக்கும் சொல்லாமலே வைத்திருந்து 1923-இல் இறந்தார். இப்போது ஊரில் கடைக்குக் கடை அதுதான். சர்க்கரை, தண்ணீர், ஒரு சொட்டு வினிகர், பெப்பர்மின்ட் எண்ணெய், அவ்வளவே. சூடான பாகைக் கொக்கியில் மாட்டி இழுத்து, மடித்து, மறுபடி இழுப்பார்கள். பாகு கண்ணாடி நிறத்திலிருந்து பால் வெள்ளையாவதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். திருவிழாவில் கம்பில் சுற்றிவைத்து வாட்ச் கட்டிவிடும் ஜவ்வு மிட்டாய்க்காரர் ஞாபகம் வராமல் போகாது. ஆனால் இது கடிக்கும்போது கல். என் அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "விக்ஸ் மாத்திரைக்கு இவ்வளவு வரிசையா?" என்று கேட்டார்.

அதே தெருவில் அருங்காட்சியகம் இருக்கிறது. மிட்டாயோடு திரும்பிவிடாமல் உள்ளே போங்கள். இந்த ஊரில் பிறந்த ஆந்த்ரே என்ற பொறியாளர் 1897 ஜூலையில் ஹைட்ரஜன் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பினார், இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு. மூன்று நாள்கூடப் பறக்கவில்லை, பனியில் இறங்கிவிட்டது. அங்கிருந்து மாதக்கணக்கில் நடந்து ஒரு வெறுந்தீவில் ஒதுங்கி மூவரும் இறந்தார்கள். உலகத்துக்குத் தெரிந்தது 33 வருடம் கழித்து, 1930-இல். உடல்களோடு நாட்குறிப்பும் கழுவாத பிலிமும் கிடைத்தன. பனிக்குள் அத்தனை வருடம் கிடந்த பிலிமைக் கழுவினால் படம் வந்தது! பலூன் சரிந்து கிடக்க, இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தின் முன் நான் வெகுநேரம் நின்றேன். வெளியே வந்தால் எதிரே ஐஸ்கிரீம், சிரிப்பு, வெயில்.

நேரம் இருந்தால் கிரென்னாவிலிருந்து படகில் விசிங்ஸோ போகலாம், அரை மணி நேரம்கூட ஆகாது, காரும் ஏறும். அங்கே ஓர் ஓக் காடு இருக்கிறது. கடற்படைக்குப் போர்க்கப்பல் கட்ட மரம் வேண்டும் என்று 1831-இல் நட ஆரம்பித்தார்கள். ஓக் முற்ற நூற்றைம்பது வருடம் ஆகும். மரம் தயாரானபோது கப்பல்கள் இரும்பாகிவிட்டன. வனத்துறை 1970-களில் கடற்படைக்கு "உங்கள் மரம் தயார்" என்று கடிதம் போட்டதாக ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, ஸ்வீடன்காரர்களைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள்.

கிரென்னாவை விட்டுத் தெற்கே வந்ததும் ரோட்லே என்ற சிற்றூர். ஓடை, சின்ன அருவி, பழைய தண்ணீர் ஆலைகள். கால் நனைத்துவிட்டுக் கிளம்பலாம். அதன் பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிருந்து ஹுஸ்க்வர்னா வரை பழைய சாலை ஏரியை விட்டு ஊர்ப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. ஏரிக்காட்சி முழுவதும் ஈ4-க்குப் போய்விட்டது. அந்தத் துண்டில் மோட்டார்வேதான் அழகு. நான் எப்போதும் அங்கே கட்சி மாறிவிடுவேன்.

ஹுஸ்க்வர்னா என்ற பெயரை நம் ஊர் பைக் பிரியர்கள் 'ஹஸ்க்வர்னா' என்பார்கள். இந்த ஊர்தான் அது. 1689-இல் துப்பாக்கித் தொழிற்சாலையாக ஆரம்பித்து, தையல் மெஷின், அடுப்பு, மோட்டார்சைக்கிள், மரம் அறுக்கும் ரம்பம் என்று எதையும் விடவில்லை. இன்று அந்தப் பெயரில் இந்தியாவில் ஓடும் பைக்குகள் பூனே பக்கம் பஜாஜ் ஆலையில் தயாராகின்றன. அதில் ஒரு மாடலின் பெயரான 'ஸ்வார்ட்பிலன்' என்றால் ஸ்வீடிஷில் கறுப்பு அம்பு, அவ்வளவுதான்.

யோன்ஷோப்பிங்கில் தீப்பெட்டி அருங்காட்சியகம். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் 1840-களில் இங்கே தீக்குச்சி ஆலை தொடங்கினார்கள். பெட்டியின் பக்கவாட்டில் உரசினால் மட்டும் பற்றும் பாதுகாப்புத் தீக்குச்சியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது இந்த ஊர்தான். அதற்கு முன் இருந்த வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி, செய்கிறவர்களின் தாடை எலும்பையே அரித்துவிடும். "தீப்பெட்டி பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?" என்று அம்மா அலுத்துக்கொண்டார். திருவொற்றியூரில் மாமா வீட்டுக்குப் போகும்போது இறங்குவோமே, அந்த விம்கோ நகர் பெயரே இவர்களிடமிருந்து வந்ததுதான் என்றேன். ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனம் 1923-இல் இந்தியாவில் தொடங்கிய கம்பெனிதான் விம்கோ. அதன் ஆலை இருந்ததால்தான் அந்த ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர். அதன் பிறகு அம்மா ஒவ்வொரு லேபிளாக நின்று பார்த்தார்.

யோன்ஷோப்பிங்குக்குத் தெற்கே வெர்ணமோ, யுங்பி, மர்க்கரிட் என்று சாலை நீள்கிறது. காடு, காடு, நடுவில் ஓர் ஊர், மறுபடி காடு. சொந்த ஊர்க்காரர்களுக்கு அதில் வேறு சுகம் இருக்கிறது. 1938-இல் சட்டம் எல்லாருக்கும் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தது. போருக்குப் பிறகு வோல்வோ, சாப் கார்கள் நடுத்தர வீடுகளுக்கும் வந்தன. கூடாரத்தை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பிய அந்தத் தலைமுறைக்கு இந்தச் சாலைதான் கோடைக்காலம். பழைய பெட்ரோல் பங்க், சாலையோர மோட்டல் எல்லாம் பார்த்தால் என் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கண் கலங்கும். எனக்குக் கலங்கவில்லை. அந்தப் பகுதியை அவருக்கு விட்டுவிடுகிறேன்.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். 1967 செப்டம்பர் 3 வரை இங்கே நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டினார்கள். ஆனால் கார்களில் பெரும்பாலும் ஸ்டியரிங்கும் இடதுபக்கமே! இந்த மாதிரி ஒடுக்கமான சாலையில் முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமானால், பக்கத்தில் உட்கார்ந்த மனைவிதான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். 1955-இல் வாக்கெடுப்பு வைத்தபோது 83 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். அரசு எட்டு வருடம் கழித்து மாற்றத்துக்குச் சட்டம் போட்டுவிட்டது. அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் பக்கம் மாறியது.

அப்புறம் நடைமுறை விஷயங்கள். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை போங்கள். நான் ஒருமுறை நவம்பரில் நண்பர்களைக் கூட்டிப்போய், மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டி, மூடுபனியில் ஏரி இருக்கும் திசையை மட்டும் கையால் காட்டினேன். ஜூன் நடுவில் 'வெட்டர்ன்ருண்டன்' என்ற சைக்கிள் பயணம் நடக்கும். ஏரியைச் சுற்றி 300 கிலோமீட்டருக்கு மேல், ஆயிரக்கணக்கானவர்கள் மிதிப்பார்கள், வழி இதே சாலை. தேதி பார்த்து அந்த வார இறுதியைத் தவிருங்கள். பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். மாலை மங்கும் நேரத்தில் மான், 'எல்க்' என்ற மிகப் பெரிய மான் வகை எல்லாம் குறுக்கே வரும். போன் மேப்பில் மோட்டார்வேயைத் தவிர்க்கும் வசதியைப் போட்டுக்கொள்ளாவிட்டால் அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்களை ஈ4-க்கு இழுத்துக்கொண்டே இருக்கும். பிராஹேஹுஸ் பார்க்கும்வரை மட்டும் அந்தத் தவிர்க்கும் வசதியை அணைத்து வையுங்கள்.